கொண்டை ஊசி வளைவில் இரண்டு தூதர்கள்

முன்னொரு காலத்தில் என்று சொல்ல முடியாது, போன மழைக்காலம்தான். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்கும் ஓர் ஆம்புலன்சில், நர்ஸ் ஜெசிந்தாவின் கைபேசிக்குள் நாடி என்றொரு செயலி வாழ்ந்தாள். நோயாளியின் விவரங்களை அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது அவள் வேலை. சுமந்துபோக இரண்டு தூதர்கள் இருந்தார்கள்.

மூத்தவர் வரிசைக்காரர். ஒழுங்கென்றால் அப்படியொரு ஒழுங்கு! ஆஸ்பத்திரிக் கணினியான சர்வரின் வாசலில் நின்று வணக்கம் சொல்வார். பதில் வணக்கம் வரும்வரை காத்திருப்பார். வந்ததும், "உங்க வணக்கம் கிடைச்சுது" என்பார். வழியில் யாரும் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் இருக்க, பூட்டு சாவிப் பேச்சு அதற்கப்புறம் தனியாக நடக்கும். எல்லாம் முடிந்தால்தான் மூட்டையை அவிழ்ப்பார்.

இளையவள் விரைவி, போன அப்டேட்டில் வந்து சேர்ந்தவள். அவளை ஒருநாளும் வெளியே அனுப்பியதில்லை. "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறப்போ அவ எதுக்கு?" என்று சொல்லிவிட்டார் வரிசைக்காரர்.

அன்று ஸ்ட்ரெச்சரில், தேயிலை பறிக்கும் பேச்சித்தாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அவளுடைய ஈ.சி.ஜி.யைப் பார்த்து ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னால்தான் ஜெசிந்தா ஊசி போட முடியும். பொள்ளாச்சி போய்ச் சேரும்வரை அந்த நெஞ்சு தாங்காது.

அடையாள அட்டைப் படம், பழைய மருந்துச் சீட்டு, கடைசியில் ஈ.சி.ஜி. இந்த வரிசையில் அடுக்கிக்கொண்டு வரிசைக்காரர் கிளம்பினார். பாதி வழியில் படத்தின் ஒரு துண்டு நழுவி விழுந்தது. மனுஷன் அங்கேயே நின்றுவிட்டார்.

"ஐயா, ஈ.சி.ஜி.யை முதல்ல குடுங்க!" என்று கத்தினாள் நாடி.

"முன்னால விழுந்தது வந்து சேராம பின்னால இருக்கிறதை எப்படிம்மா குடுக்கிறது? வரிசைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

ஒருவழியாகத் துண்டு வந்தது. அதற்குள் வண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்ப, ஆம்புலன்சின் வைஃபை அறுந்தது. கைபேசி தன் சொந்த சிம்முக்குத் தாவியது. கைபேசியின் முகவரியே மாறிப்போனதால் சர்வர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "யார் நீங்க?" என்று கேட்டது.

வரிசைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம்" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நாடி இளையவள் பக்கம் திரும்பினாள். "நெஞ்சுவலிக்காரி கிடக்கிறா, இவரு குசலம் விசாரிக்கிறாரே! விரைவி, நீ போடி!"

விரைவி பறந்தாள். வணக்கத்தையும் சாவியையும் ஒரே மூச்சில் நீட்டி, தனக்கென ஓர் அடையாளமும் சர்வரிடம் பேசி வைத்தாள். மூன்று மூட்டைகளையும் மூன்று தனித்தனிப் பாதையில் விட்டாள். அவளுக்கும் படத்தின் துண்டு ஒன்று விழத்தான் செய்தது. 'மாட்டிக்கிட்டா!' என்று நினைத்தார் வரிசைக்காரர். அவளோ, "நீ மெதுவா வா கண்ணு" என்று படத்திடம் சொல்லிவிட்டு ஈ.சி.ஜி.யோடு ஓடிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வளைவில் வைஃபை திரும்பி வந்து, முகவரி மறுபடி மாறியது. இப்போது இவளும் முதலிலிருந்து கும்பிடு போடத்தானே வேண்டும்? விரைவி நிற்கக்கூட இல்லை. "நாம பேசி வச்ச அடையாளம் இந்தா. வழிதான் வேற, ஆளு அதே ஆளுதான்" என்றாள்.

"வா தாயி, உள்ளே வா" என்றது சர்வர்.

அடி சக்கை! வரிசைக்காரருக்குப் பொறாமை வந்திருக்க வேண்டும். வரவில்லை. உடம்பெல்லாம் புல்லரித்துப்போயிற்று.

கைபேசியில் டாக்டர் சுபைதாவின் குரல் கேட்டது. "ஜெசிந்தா, பார்த்துட்டேன். மாரடைப்புதான். ஊசியைப் போட்டுடுங்க."

ஜெசிந்தா போட்டாள். ஆழியாறு தாண்டும்போது பேச்சித்தாய் கண்ணைத் திறந்து, "தண்ணி குடு தாயி" என்றாள். ஜெசிந்தா அழுதேவிட்டாள்.

நாடி தயங்கித் தயங்கி மூத்தவரிடம் வந்தாள். "ஐயா, அடுத்த தடவை யாரை அனுப்பட்டும்?"

"அவளைத்தான். புது ஆளுன்னு அவளை உள்ளே விடாத வாசல் ஏதாச்சும் இருந்தா, அப்போ என்னைக் கூப்பிடு, வர்றேன்." பேச்சித்தாய் பக்கம் திரும்பினார். "வரிசையில நிக்க வலிக்குத் தெரியாதும்மா."