‘மறந்துவிட்டது’ என்ற பொத்தான்

டாக்டர் தஸ்லீமாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவரிடம் மயக்க மருத்துவம் படிக்க வந்த டாக்டர் அருமைநாயகத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. திருநெல்வேலியில் தஸ்லீமா வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த அம்மாவைப் போல மயக்கம் கொடுக்க இனிமேல் ஒருத்தர் பிறந்து வந்தால்தான் உண்டு.

அருமைநாயகம் மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் ஒரே டாக்டர். போன மழைக்காலத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு அவசரமாக ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. மயக்கம் கொடுக்க ஆள் இல்லை. ஜீப்பில் ஏற்றிக் கீழே அனுப்பினார். அவள் வழியிலேயே போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் இந்த வயதில் மறுபடியும் படிப்பு. பயிற்சி முடிந்தது என்று தஸ்லீமா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அடுத்த மழைக்குள் மலையேறிவிடலாம்.

படிப்பதற்குச் செல்போனில் ஒரு செயலி வைத்திருந்தார். தஸ்லீமா காட்டிக் கொடுத்ததுதான். ஒரு கேள்வி அட்டை வரும். மனசுக்குள் பதில் சொல்லிவிட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். ‘மறந்துவிட்டது’ என்று அழுத்தினால் அந்த அட்டை சற்று நேரத்தில் திரும்ப வந்து நிற்கும். ‘எளிது’ என்று அழுத்தினால் பச்சையாகிவிடும்; சில நாள் கழித்து வரும், அப்புறம் மாசம் கழித்து வரும்.

ஒருநாள் காலையில் போனை நீட்டினார்.

“பாருங்க மேடம், எல்லாம் பச்சை. ஒண்ணுகூட மறக்கல. கையெழுத்துப் போட்டீங்கன்னா நான் கிளம்பிருவேன்.”

“அடேயப்பா! ஒரே ஒரு கேள்வி கேக்கட்டுமா அண்ணாச்சி?”

“கேளுங்க.”

“சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாச்சு. மருந்து மேல ஏறுது. கையை இறுக்கிப் பிடிம்மான்னா அவளால முடியல. குரல் கம்மிப் போச்சு. முதல்ல என்ன செய்வீங்க?”

“பிரஷர் பார்ப்பேன்… இல்ல, இருங்க. தெரியும் மேடம். நாக்கு நுனியில நிக்குது.”

“அங்க அவளுக்கு மூச்சு நிக்குது.”

அருமைநாயகத்துக்கு வேர்த்துவிட்டது.

“மூச்சுக் குடுக்கணும். ஐயோ, இந்த அட்டையைப் போன வாரம்தான் பார்த்தேன். திருப்பினதும், அட இதுதானேன்னு தோணுச்சு. ‘எளிது’ போட்டேன்.”

“திரும்ப எப்ப வரும்னு பாருங்க.”

பார்த்தார். “டிசம்பர்ல.”

“மலையில அடுத்த பிரசவம்?”

“அடுத்த மாசம்.”

அருமைநாயகத்துக்குக் கோபம் வந்தது.

“பாழாப்போன செயலி! என்னத்தைப் பார்த்துச்சு?”

“அதைத் திட்டாதீங்க அண்ணாச்சி. அப்படி ஒரு வாத்தியார் கிடைக்கணுமே! நமக்கு எது எப்ப மறக்கப்போகுதுன்னு கணக்குப் பார்த்து, சரியா அந்த நேரத்துல கொண்டாந்து நிறுத்துது. நான் அப்படி உங்க பின்னாலயே அலைய முடியுமா? என்ன, நாம சொல்றதை அப்படியே நம்பிருது, பாவம்.”

சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“இன்னைக்கு எனக்கு வந்த அட்டை. நீங்க கேளுங்க, நான் சொல்லுதேன்.”

அருமைநாயகம் ஒவ்வொன்றாகக் கேட்டார். பதில் டக் டக்கென்று வந்து விழுந்தது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒரு ஆளிடம் படிக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு கேள்வியில் தஸ்லீமா நின்றார். விட்டத்தைப் பார்த்தார். அருமைநாயகத்துக்குப் பொறுக்கவில்லை, பதிலில் வரும் மருந்தின் முதல் எழுத்துக்கு வாயைக் குவித்துவிட்டார். உடனே தஸ்லீமா முழுப் பதிலையும் சொன்னார்.

“ரொம்பச் சரி மேடம்!”

தஸ்லீமா போனை வாங்கி ‘மறந்துவிட்டது’ என்று அழுத்தினார்.

“அட, என்ன மேடம்! சரியாத்தானே சொன்னீங்க?”

“உங்க வாயைப் பார்த்துல்ல சொன்னேன்.”

“இந்த ஜில்லாவே உங்களை நம்பித்தான் கண்ணை மூடுது. படிக்க வந்தவன் முன்னால இப்படி அழுத்த உங்களுக்குக் கூச்சமா இல்லையா?”

“இல்லாம என்ன? கூச்சமாத்தான் இருக்கு.”

அருமைநாயகம் தன் போனைப் பார்த்தார். மேலிருந்து கீழ் வரை பச்சை.

“அப்போ… என் கையெழுத்து?”

“ஒண்ணையுமே மறக்காத ஆளை நம்பி ஒரு பிள்ளைத்தாய்ச்சியை எப்படி அண்ணாச்சி விடுவேன்? என்னென்ன மறந்தீங்கன்னு ஒருநாள் வந்து சொல்லுங்க. அன்னைக்குப் போடுதேன்.”