பேரில்லாத பதார்த்தம்

முன்னொரு காலத்திலே, அடுப்புக்கு மூன்று கல்லும் வயிற்றுக்கு மூன்று வேளையும் என்று ஜனங்கள் நிம்மதியாக இருந்த காலத்திலே, மருதவளம் என்று ஒரு நாடு இருந்தது. அதை வீரகேது என்கிற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் வாக்குக் கொடுப்பதில் மட்டும் அவசரக்காரன். ராஜா அவசரப்பட்டால் காய்வது யார் வயிறு? சொல்கிறேன், கேளுங்கள்.

ஒருநாள் ராஜாவின் மகளைப் பாம்பு தீண்டிவிட்டது. வைத்தியர்கள் கையை விரித்துவிட்டார்கள். அப்போது கரியமலையிலிருந்து நாவடங்கான் என்கிற மந்திரவாதி வந்தான். ஒரே ஊதலில் விஷத்தை இறக்கினான். கண்ணை மூடிக் கிடந்த ராஜகுமாரி எழுந்து உட்கார்ந்தாள்.

"கேள், என்ன வேண்டுமோ கேள்! பாதி ராஜ்யம் கேட்டாலும் தருகிறேன்" என்றான் ராஜா.

"ராஜ்யத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, மகாராஜா? உங்கள் நாட்டில் அடுப்பில் ஆக்குகிற பதார்த்தங்களில் எனக்குப் பேர் தெரிந்ததெல்லாம், நான் கூப்பிட்டால் என்னிடம் வரவேண்டும். அவ்வளவுதான்."

ராஜா சிரித்தான். ஒரு வயிறு எவ்வளவு தின்றுவிடப் போகிறது என்று நினைத்தான். கெண்டியை எடுத்தான், நீர் வார்த்தான், கொடுத்துவிட்டான்.

"இது எதுவரைக்கும்?" என்று மந்திரி மெல்லக் கேட்டார்.

நாவடங்கான் மீசையை முறுக்கினான். "எனக்குப் பேர் தெரியாத ஒன்றை நான் என்றைக்கு விழுங்குகிறேனோ, அன்றைக்கு இந்த வாக்கு முறியட்டும். நடுவில் ராஜா வாக்கு மாறினால், இறக்கின விஷம் மறுபடி ஏறும்."

மறுநாள் மத்தியானம் மலையுச்சியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சோறே வா! குழம்பே வா! ரசமே வா!"

வீடு வீடாகப் பானை மூடிகள் எழும்பின. இலையில் பரிமாறிய சோறு எழும்பிப் பறந்தது. பிசைந்து கையில் எடுத்த கவளம் பறந்தது. வாயில் போட்டது கூட வாயை விட்டுப் போனது. அவன் வயிறு மந்திர வயிறு, நிறையவே நிறையாது. காலையில் இட்டிலியே வா என்பான், மாலையில் அடையே வா என்பான். பசி தாங்காமல் ஜனங்கள் அரிசியைப் பச்சையாகத் தின்றார்கள். வயிறு கேட்குமா? குழந்தைகளுக்கு வயிறு உப்பியது, கால் சூம்பியது.

புதிதாக ஏதாவது சமைத்தால் என்ன என்று கேட்கிறீர்களா? அவர்களுக்கும் அந்தப் புத்தி வந்தது. ஆனால் நம் ஆட்கள் ஒன்றை ருசித்தால் பேர் வைக்காமல் விடுவார்களா? ஒவ்வொரு கூரையிலும் மந்திரவாதியின் கறுப்பு மைனா ஒன்று உட்கார்ந்திருந்தது. யாராவது பேரை உச்சரித்தால் போதும், மைனா அதைத் திருப்பிக் கத்தும், மலைக்குக் கேட்கும், பதார்த்தம் போய்விடும். அரண்மனைச் சமையல்காரர் எதையோ புதிதாகக் கிண்டி, "பிரபோ, இது நவரத்தின மங்களப் பாயசம்!" என்று அறிவித்தார். அவர் வாயை மூடுவதற்குள் அண்டா காலி.

இந்த நாட்டின் ஓரத்தில், காட்டை ஒட்டின ஊரில், பூங்காவனம் இருந்தாள். அவள் புருஷன் சடையன் விறகு வெட்டுகிறவன். மூத்தது செல்லி, பெண். அடுத்தது சின்னான், அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கப் பழகிய பிள்ளை. வீட்டில் என்ன கிடக்கிறதோ அதை வைத்துக் குடும்பத்தின் வயிற்றையும் மனசையும் நிறைக்கத் தெரிந்தவள் பூங்காவனம். இது பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டிலும் ஒருத்தி தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறாள், நீங்கள்தான் கவனித்திருக்க மாட்டீர்கள்.

அவள் கம்பை உடைத்து நொய்யாக்கினாள். முருங்கைக்கீரையை உருவிப் போட்டாள். நாலு பூண்டுப் பல்லைச் சுட்டு நசுக்கிப் போட்டாள். வெந்ததும் வாசனை வந்தது. அது கூழும் இல்லை, பொங்கலும் இல்லை. மலையிலிருந்து எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் சட்டி அசையவில்லை. அவள் சின்னானை மடியில் வைத்து முதல் வாய் ஊட்டினாள். பிள்ளை சப்புக்கொட்டிச் சிரித்தான்.

அப்போது பக்கத்து வீட்டுத் தனபாக்கியம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, என்றைக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்: "ஏண்டி பூங்காவனம், என்ன சமையல் இன்னிக்கு?"

நம் ஊரில் இது ஒரு கேள்வியா? வணக்கம் சொல்வதற்குப் பதிலாகக் கேட்பது. கேட்டால் பதில் சொல்லாமல் இருந்தால் மரியாதையா? பூங்காவனம் பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா, முருங்கைக் கஞ்சி."

கூரையில் மைனா கத்தியது. சட்டி காலியானது. பிள்ளையின் வாயில் இருந்ததும் போனது. சின்னான் வெறும் வாயை மென்று பார்த்தான். பிறகு அழுதான், அழக்கூடத் தெம்பில்லாமல் ஓய்ந்தான். முன்பே வாடிப்போயிருந்த பிள்ளை. மறுநாள் விடிந்தபோது அவன் இல்லை.

பூங்காவனம் மார்பில் அடித்துக்கொண்டு அழவில்லை. "நான் சொல்லித்தானே போச்சு" என்று ஒரு தரம் சொன்னாள், அதோடு சரி. தனபாக்கியம் வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். செல்லி மட்டும் தம்பி படுத்திருந்த பாயையே பார்த்தாள். ஒரு வார்த்தை தம்பியின் வாயிலிருந்து சோற்றைப் பறித்துக்கொண்டு போனதை அவள் கண்ணால் பார்த்தவள். அன்றிலிருந்து அந்தக் குழந்தை பேசவே இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாப்பாடு என்றால் சத்தமே கிடையாது. சடையன் காட்டில் கிடைத்ததைக் கொண்டுவருவான். ஒருநாள் பரங்கிக் கீற்றும் கொள்ளும். ஒருநாள் பீர்க்கங்காய்த் தோலும் எள்ளும். ஒருநாள் வாழைத்தண்டு மட்டும். எது இருக்கிறதோ அதைப் போடுவாள். நேற்றுச் செய்ததை இன்று செய்ய மாட்டாள். உடம்புக்குத் தெம்பாகவும் இருக்கும், நாக்குக்கு ருசியாகவும் இருக்கும். ஆனால் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லக் கூடாது. இன்னும் கொஞ்சம் என்று ஒருவர் கேட்கக் கூடாது. பேரைத்தான் சொல்லக் கூடாது என்று அவர்களுக்கும் தெரியும், ஆனால் பயம் வந்தால் எல்லா வார்த்தையும் பயம்தானே! தலையைக் குனிந்து தின்பார்கள், எழுந்து போவார்கள். சமைத்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? மண்ணுக்குப் போட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

மலையில் நாவடங்கானுக்குத் தூக்கம் போயிற்று. ஒரு கூரையில் புகை வருகிறது, வாசனை வருகிறது, பேர் மட்டும் வரவில்லை! நாட்டில் தனக்குச் சொந்தமில்லாத ஒரு சட்டியா? வளையல்காரனாக வேஷம் போட்டுக்கொண்டு வந்தான்.

"வாசனை ஆளைத் தூக்குதே தாயி! இதுக்குப் பேர் என்ன?"

"பேர் இல்லை சாமி. இருந்ததைப் போட்டேன்."

அடுத்து வைத்தியனாக வந்தான். செல்லியின் நாடியைப் பிடித்துப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். "குழந்தைக்குப் பேச்சு வர மருந்து கொடுக்கலாம். ஆனால் என்ன ஆகாரம் கொடுக்கிறாய் என்று சொன்னால்தான் மருந்து பிடிக்கும். பேரைச் சொல்லம்மா."

பெற்றவள் ஆயிற்றே. பேர்தானே, ஒன்றை வைத்துச் சொல்லிவிட்டால் என்ன என்று வாயைக் கூடத் திறந்துவிட்டாள். கூரையில் மைனா கழுத்தைச் சாய்த்துக் காத்திருப்பது கண்ணில் பட்டது.

"பேர் இல்லை சாமி. இருந்ததைப் போட்டேன்."

மூன்றாம் முறை அவன் சொந்த உருவத்திலேயே வந்தான். வயிறு நெற்குதிர் போல இருந்தது, கண் மட்டும் பஞ்சத்தில் அடிபட்டவன் கண். வாசலை அடைத்துக்கொண்டு நின்று கத்தினான்.

"பேரைச் சொல்லடி! சொல்லாவிட்டால் உன் பெண்ணை மைனாவாக்கிக் கூண்டில் போடுவேன்!"

செல்லி அடுப்புக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். பூங்காவனம் அவளை மறைத்துக்கொண்டு நின்றாள். "பேர் இல்லை சாமி. இருந்ததைப் போட்டேன்" என்றாள் மறுபடியும்.

"பேர் இல்லாத பதார்த்தம் உலகத்தில் உண்டா?" சட்டியை எட்டிப் பார்த்தான். "கூழே வா!" சட்டி அசையவில்லை. "களியே வா!" அசையவில்லை. "கூட்டே வா!" ஊஹூம்.

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாக்கில் வைத்தால் சொல்லிவிடுவேன். பேரைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் விழுங்குவேன், நான் ஒன்றும் ஏமாளி இல்லை" என்று விரலை விட்டு நக்கினான். கண்ணை மூடினான். "கேழ்வரகு மாவு... கீரை... ஆ! இது கீரை..."

"சாமி, இன்னும் இறக்கலையே!" பூங்காவனம் ஒரு பிடி புளியங்கொழுந்தை அள்ளிச் சட்டியில் போட்டாள். "அடுப்பிலே கொதிக்கிறதுக்கு எப்படிப் பேர் வைப்பீங்க?"

அவன் மறுபடி நக்கினான். "புளிப்பு ஏறிவிட்டது. சரி, அப்படியானால் இது புளி..."

"இன்னும் இறக்கலை சாமி!" கடைசியாக இருந்த வேர்க்கடலையை நசுக்கிப் போட்டாள்.

இனிமேல் போட ஒன்றும் இல்லை. அடுக்குப்பானைகளைக் கவிழ்த்தாயிற்று. குழந்தை பின்னால் விம்முகிறது. அவன் நாக்கு மறுபடி சட்டியை நோக்கி வருகிறது. பூங்காவனம் நிமிர்ந்து பார்த்தாள். உத்தரத்தில் ஒரு துணி முடிச்சுத் தொங்கியது. விதைக் கம்பு. அடுத்த மழைக்கு விதைக்க வைத்தது. பட்டினி கிடந்து செத்தாலும் குடியானவன் விதையைத் தொட மாட்டான்.

"பூங்காவனம், வேணாம்! அது போனா அடுத்த வருஷம் ஏது நமக்கு?" என்று கொல்லைப்புறமாக ஓடிவந்த சடையன் அலறினான்.

"புள்ள போனா எந்த வருஷம் ஏதுங்க?" என்றாள் அவள்.

முடிச்சை அவிழ்த்தாள், அடுப்போரம் காய்ந்துகொண்டிருந்த மண் ஓட்டில் கொட்டினாள். விதை படபடவென்று பொரிந்தது. அப்படியே சட்டியில் சரித்துக் கிளறி இறக்கினாள். "ஆச்சு சாமி. இப்போ பார்த்துச் சொல்லுங்க."

நாவடங்கான் கை நிறைய அள்ளி வாயில் போட்டான். நாக்கிலேயே நிறுத்தித்தான் பார்த்தான். பொரிந்த கம்பு கரகரவென்றது. கொழுந்தின் புளிப்புத் தாடையைக் கூசவைத்தது. கடலை கரைந்து இனித்தது. பேரைத் தேடினான், தேடினான், அவனுக்குத் தெரிந்த ஆயிரம் பேரிலும் அது இல்லை. துப்பிவிடலாம் என்று கூட நினைத்தான். ஆனால் நல்ல ருசி வாய்க்குள் வந்த பிறகு தொண்டை யார் பேச்சைக் கேட்கும்? மடக்கென்று விழுங்கிவிட்டான்.

"ஐயோ, இது என்ன?" என்றான்.

அந்தக் கணத்திலேயே வாக்கு முறிந்தது. கூரை மைனாக்கள் கூட்டமாக எழும்பிக் காட்டுக்குப் பறந்தன. குதிர் வயிறு வற்றியது. அவனுக்குத் தெரிந்த பேர்களெல்லாம் வாய் வழியாகக் காற்றாக வெளியேறின. எதைப் பார்த்தாலும் இது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே தள்ளாடி வெளியே போனான். போகிற போக்கில் அவன் கால் தட்டிச் சட்டி கவிழ்ந்தது. நாட்டையே காப்பாற்றின பதார்த்தம் சாம்பலில் கொட்டிக் கிடந்தது. செல்லிக்கு அதில் ஒரு வாய் கிடைக்கவில்லை.

ஊரெல்லாம் புகை எழுந்தது. "சோறு! குழம்பு! ரசம்!" என்று ஜனங்கள் தெருவில் நின்று கத்திக் கத்திச் சாப்பிட்டார்கள். பூங்காவனம் சாம்பலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ராஜா பல்லக்கில் வந்தான். விஷயத்தைக் கேட்டு அசந்துபோனான். "தாயே, அந்தப் பதார்த்தத்துக்கு உன் பேரையே வைக்கிறேன். வருஷா வருஷம் அரண்மனையில் அதைச் சமைத்துத் திருவிழாக் கொண்டாடுவோம். உனக்கு என்ன வேண்டும், கேள்!"

"மறுபடியும் கேள்னு சொல்றீங்களா, மகாராஜா?" என்றாள் பூங்காவனம். "என் புள்ளையக் குடுப்பீங்களா?"

ராஜா தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்போ விதை குடுங்க. ஊருக்கெல்லாம் குடுங்க. அடுத்த தரம் யாருக்காவது வாக்குக் குடுக்கிறப்போ, சமைக்கிறவளை ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுங்க."

விதை வந்தது. அரண்மனையிலிருந்து மாடும் பொன்னும் கூட வந்தன. லட்டும் அதிரசமும் தட்டுத் தட்டாக வந்தன. செல்லி ஒன்றையும் தொடவில்லை. அதற்கெல்லாம் பேர் இருக்கிறதே! வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மந்திரம் முறிந்ததைக் குழந்தைக்கு யார் எப்படிச் சொல்வது? சடையன் சொல்லிப் பார்த்தான், தனபாக்கியம் வந்து அழுது பார்த்தாள். போனது போகட்டும், இருப்பதாவது பிழைக்குமா என்று பெற்றவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

கடைசியில் தட்டுகளையெல்லாம் ஓரம் தள்ளிவிட்டு அவள் அடுப்பை மூட்டினாள். கொல்லையில் இரண்டு கத்தரிப் பிஞ்சு இருந்தது. மிஞ்சின சோறு ஒரு கை இருந்தது. கொஞ்சம் மோரும் கறிவேப்பிலையும் இருந்தன. இருந்ததைப் போட்டாள். பதற்றத்தில் எதைப் போட்டாள், எதை விட்டாள் என்று அவளுக்கே தெரியாது. செல்லியின் முன்னால் வைத்துவிட்டு, பழக்கம் போலத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

செல்லி ஒரு வாய் தின்றாள். இன்னொரு வாய் தின்றாள். முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, உப்புப் பத்தலை."

பூங்காவனம் திரும்பினாள். செல்லி வாயைப் பொத்திக்கொண்டு கிண்ணத்தைப் பார்த்தாள். சோறு அங்கேயே இருந்தது. வாயில் இருந்ததும் அங்கேயே இருந்தது. குழந்தை மெதுவாகக் கையை எடுத்தது. "உப்புப் பத்தலைம்மா" என்றது மறுபடியும், இந்தத் தரம் கொஞ்சம் சத்தமாக.

அன்றைக்குத்தான் பூங்காவனம் வாய்விட்டு அழுதாள். சின்னானுக்கு அழ வேண்டிய அழுகை எல்லாம் சேர்த்து அழுதாள். அழுதுகொண்டே, "இந்தாங்க, கேட்டீங்களா, உப்புப் பத்தலையாம்! என் சமையல்ல உப்புப் பத்தலையாம்!" என்று புருஷனைக் கூப்பிட்டாள். கொல்லையில் இருந்த சடையன் உப்புச் சட்டியைத் தேடி உள்ளே ஓடிவந்தான்.