கிணற்றுநீர்த் தரவுக்கு ஒரு மணி நேரப் பூட்டு

பல்கலைக்கழகம் திரட்டிய கிணற்றுநீர்த் தரவுகளை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருப்பதுதான் தற்காலிக ஊழியர் செண்பகவல்லியின் வேலை.

"குப்பைம்மா இது! யாருக்குப் பிரயோஜனம்னு இன்னைக்கே அளந்து காட்டு. இல்லேன்னா நாளைக்கு வராதே," என்றார் டீன் ஞானப்பிரகாசம்.

"ஒரு மணி நேரம் பூட்டி வைக்கட்டுமா சார்?"

"ஒரு வருஷமே பூட்டு. எவன் கேட்கப் போறான்?"

பூட்டினாள். டீனின் காப்பி ஆறுவதற்குள் அலுவலக போன் அலறியது. எந்தக் கிணற்றில் உப்பு என்று தெரியாமல் நடவை நிறுத்திய விவசாயி திட்டினார். குடிநீர்ப் பொறியாளரும் திட்டினார்.

"ரெண்டு பேர் கத்தினா ஆச்சா?" என்றார் டீன்.

அப்போது அவர் போனே அடித்தது. அவருடைய ஆராய்ச்சி மாணவி அழாத குறையாகச் சொன்னாள்: "சார், நாளைக்கு டெல்லியில நீங்க காட்டப்போற படமெல்லாம் அந்தத் தரவுலதான் வரையணும். திறக்கவே மாட்டேங்குது!"

டீன் தொண்டையைச் செருமினார். "திறந்துவிடும்மா."

"நாளைக்கு நான் வரலாமா சார்?"

"தாராளமா வாம்மா, முதல்ல திற!"

திறந்தாள். போன் அடங்கியது.