செவலைக் குதிரையும் வயல் எலியும்

காட்டோரக் குளத்துக்கு மூன்று குதிரைகள் தினமும் சாயங்காலம் தண்ணீர் குடிக்க ஓடி வரும். ஒன்று செவலை, ஒன்று கறுப்பு, மூன்றாவது கால் தாங்கி நடக்கும் கிழட்டு வெள்ளை. குதிரைகளுக்கு அது தாகம். கரையில் உட்கார்ந்திருந்த மற்ற பிராணிகளுக்கு அது, எந்தக் குதிரை முதலில் குளத்தில் வாய் வைக்கும் என்ற பந்தயம்.

பந்தயத்தை நடத்தியது பெருச்சாளி. "செவலை ஜெயிச்சா ஒரு கதிருக்கு ஒண்ணேகால் கதிர். கறுப்புக்கு நாலு. வெள்ளைக்கு இருபது. கதிரை முதல்ல என் வளையில போடணும், அப்புறம்தான் பேச்சு" என்று அது விதி வைத்திருந்தது. பெருச்சாளி யாரையும் ஏமாற்றியதில்லை. ஏமாற்ற வேண்டிய தேவையே அதற்கு வரவில்லை.

பக்கத்து வயல் வரப்பில் சிட்டாள் என்ற எலி இருந்தது. வயிற்றில் குட்டிகள். அறுவடை முடிவதற்குள் ஓடியாடி வளை நிறைய நெற்கதிர் சேர்த்து வைத்திருந்தது. மழைக்காலம் முழுவதற்கும் அதுதான் சோறு.

சிட்டாள் முட்டாள் இல்லை. இருபது மடங்குக்கு ஆசைப்பட்டு வெள்ளைக் குதிரை மேல் கட்டிய முயலைப் பார்த்து அது சிரித்தது. தான் மட்டும் செவலை மேல் தினமும் ஒரு கதிர் வைத்தது. செவலை ஒரு நாளும் தோற்கவில்லை. கால் கதிர் கால் கதிராக லாபம் வந்துகொண்டே இருந்தது.

ஒரு நாள் காலையில் முதல் மழை கொட்டித் தீர்த்தது. சிட்டாள் வளையை எட்டிப் பார்த்தது. "மழை வந்துடுச்சே. இப்படிக் கால் கால் கதிரா எப்போ சேர்க்கிறது?" என்று வளையில் இருந்ததையெல்லாம் பெருச்சாளி வீட்டுக்கு இழுக்கத் தொடங்கியது.

வழியில் கௌதாரி பார்த்துவிட்டது. "என்னக்கா, வீடு மாத்துறியா?"

"இல்லடி. எல்லாத்தையும் செவலை மேல வைக்கப் போறேன்."

"ஜெயிச்சா?"

"இருக்கிறதுக்கு மேல கால் பங்கு கூடுதலா வரும்."

"இப்போ இருக்கிறது மழைக்காலத்துக்குப் போதாதா?"

"போதும்தான்."

"தோத்தா?"

"செவலை எங்கடி தோக்குது? வந்ததிலேர்ந்து பாக்கிறேன், ஒரு நாளாவது தோத்திருக்கா?"

"நான் அதைக் கேக்கலக்கா. தோத்தா என்ன சாப்பிடுவே?"

சிட்டாளுக்கு எரிச்சல் வந்தது. "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருடி" என்று சொல்லிவிட்டுக் கடைசிக் கதிர்வரை இழுத்துப் போட்டது.

சாயங்காலம் குதிரைகள் கிளம்பின. வழக்கம்போல் செவலைதான் முன்னால் வந்தது. சிட்டாள் கரையில் நின்று குதித்தது. பாதி வழியில், காலையில் பெய்த மழை ஒரு பள்ளத்தில் தேங்கியிருந்தது. செவலை அங்கே நின்றது. தலையைத் தாழ்த்தி நிதானமாகத் தண்ணீர் குடித்தது. கறுப்பு அதைத் தாண்டி ஓடிக் குளத்தில் வாய் வைத்தது.

சிட்டாள் மூச்சிரைக்கச் செவலையிடம் ஓடியது. "ஏன் நின்னே? குளம் அதோ இருக்கே!"

"தண்ணி இங்கேயே இருக்கே" என்றது குதிரை.

"உன்னை நம்பி என் வளையையே வெச்சேனே!"

செவலைக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்கே வெச்சே?" என்று கேட்டது. "எனக்குத் தாகம் எடுத்தா ஓடுவேன், தணிஞ்சா நிப்பேன். உனக்கு வேற என்ன வேணும்?" என்று சொல்லிவிட்டு அது மேயப் போனது.

சிட்டாள் பெருச்சாளியிடம் போய் அழுதது. "பாதியாவது குடுங்கண்ணே, வயித்துல புள்ளைங்க இருக்கு."

"ஜெயிச்சிருந்தா கால் பங்கை வேணாம்னு விட்டிருப்பியாம்மா?" என்று கேட்டது பெருச்சாளி. கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அன்று இரவே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. வயலெல்லாம் தண்ணீர். பொறுக்க ஒரு மணி நெல் இல்லை. குட்டிகளைச் சுமந்துகொண்டு சிட்டாள் வெறும் வளைக்குள் உட்கார்ந்திருந்தது. ஜெயித்து, இருந்ததற்கு மேல் கால் பங்கு கூடுதலாக வந்திருந்தாலும், நிறைந்திருந்த அந்த வளையில் அதை வைக்க இடம் இருந்திருக்காது என்பது அப்போதுதான் அதற்குத் தோன்றியது.

வெற்றி எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும், இழந்தால் தாங்க முடியாததை, இல்லாமலே வாழக்கூடிய ஒன்றுக்காகப் பணயம் வைக்கக் கூடாது.