கேனியன் கொண்டுவந்த கூடை

“அம்மா, எனக்கு நன்றி இருக்கிறது. சொல்ல வார்த்தைதான் இல்லை” என்று அத்தாராளிடம் சொன்னான் எலாசா.

அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆராத்துக்குத் தெற்கே, யூதாவின் வனாந்தரத்தில் கூடாரம் போட்டிருந்த கேனியர் என்ற அயல்குலத்தாரில் ஒருவன். ஆடு மேய்ப்பான். மழை பெய்தால் கொஞ்சம் வாற்கோதுமை விதைப்பான்.

அத்தாராளுக்கு அவன் மகள் வயதுதான். யூதா கோத்திரத்தாள். ஓய்வுநாள்தோறும் கர்த்தருடைய கட்டளைகளை அவள் சொல்ல, கேனியர் உட்கார்ந்து கேட்பார்கள். எலாசா ஒருநாளும் தவறியதில்லை.

“என்ன நடந்தது?”

“மூன்று வருஷம் மழை இல்லை. இந்த வருஷம் பெய்தது. காய்ச்சலில் கிடந்த என் மனைவி எழுந்து, தன் கையாலேயே முதல் கதிரை அறுத்தாள். ஒரு கூடை நிறைய எடுத்து வைத்திருக்கிறேன்.”

“பலிபீடத்துக்குக் கொண்டுபோய்ப் படையுங்கள்.”

“படைக்கும்போது, ‘எங்கள் பிதாக்களுக்கு நீர் வாக்களித்த தேசம் இது’ என்று சொல்ல வேண்டுமே. என் பிதாக்களுக்கு அப்படி ஒரு வாக்கு இல்லை. நாங்கள் மோசேயின் உறவினன் ஓபாபின் வம்சம். அவன் மீதியானிலிருந்து வந்தவன். கூட வா என்று மோசே கூப்பிட்டபோது, மாட்டேன், என் ஊருக்குப் போகிறேன் என்று சொன்னவன். பொய் சொல்லி எப்படி அம்மா நன்றி சொல்வது?”

அத்தாராள் எழுந்தாள். உள்ளே போய்த் தன் கூடையை எடுத்து வந்தாள்.

“நானும் பலிபீடத்துக்குப் போக வேண்டும். எனக்குத் தெரிந்த பாதையை வெள்ளம் அடித்துப் போய்விட்டது. கூட்டிப் போங்கள்.”

விடிந்ததும் புறப்பட்டார்கள்.

நண்பகலில் ஒரு காட்டாறு குறுக்கே வந்தது. அத்தாராள் நேரே இறங்கப் போனாள்.

“அங்கே வேண்டாம். மேலே காய்ந்த மாதிரி இருக்கும். கீழே சேறு. ஒட்டகமே புதைந்திருக்கிறது.”

சுற்றி அழைத்துப் போனான்.

“உங்களுக்கு நன்றி” என்றாள்.

வெயில் கொளுத்தியது. அவளுடைய தோல்பையில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. எலாசா ஒரு வேல மரத்தடியில் மணலைத் தோண்டினான். முழங்கை ஆழத்தில் ஊறியது. முதலில் கலங்கல். பிறகு தெளிந்தது.

“இங்கே இருக்கும் என்று எப்படித் தெரியும்?”

“அப்பா காட்டினார். அவருக்கு அவர் அப்பா.”

அவள் வயிறு நிறையக் குடித்தாள். மறுபடியும் நன்றி சொன்னாள்.

சூரியன் சாய்வதற்குள் பலிபீடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

“சொல்லுங்கள்” என்றார் ஆசாரியர்.

அத்தாராள் முதலில் போய் நின்றாள். பிதாக்கள் எகிப்தில் பட்ட பாட்டைச் சொன்னாள். விடுதலையைச் சொன்னாள். வனாந்தரப் பயணத்தைச் சொல்ல வந்ததும், யாரும் சொல்லாத ஒன்றைச் சேர்த்தாள்.

“எங்கே பாளயமிறங்குவது என்று எங்கள் பிதாக்களுக்குத் தெரியவில்லை. எங்களுக்குக் கண்களாயிரு என்று ஓபாபைக் கேட்டார்கள். முதலில் மாட்டேன் என்றவன், பிறகு தன் ஊரை விட்டுவிட்டு எங்களோடு வந்தான். அவனுக்காக நன்றி, ஆண்டவரே. அவன் பிள்ளைகளுக்காகவும்.”

ஆசாரியர் நிமிர்ந்து பார்த்தார்.

“வழக்கமாகச் சொல்வதில் இது இல்லையே.”

“இல்லைதான். ஆனாலும் நான் உயிரோடு வந்து சேர்ந்திருக்கிறேன்.”

எலாசாவின் கண் நிறைந்துவிட்டது. கூடையைத் தரையில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஆசாரியர் அவனிடம் வந்தார். பிறகு தாமே குனிந்து அந்தக் கூடையை எடுத்தார்.

“உங்கள் பிதாக்களின் ஊர் எது?”

யார் கேட்டாலும் மீதியான் என்றுதான் கேனியர் சொல்வார்கள்.

எலாசா, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான்.

“இதுதான், ஐயா.”