தவிட்டி இழுத்துப் பார்த்தாள்

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின. பேசியதோடு நிற்காமல் சில பறவைகள் நெய்யவும் செய்தன. குறிப்பாகத் தூக்கணாங்குருவிகள். ஏரிக்கரைப் பனைகளின் அடியில் வரிசையாக அவற்றின் தறிகள் கிடந்தன. அப்போது எந்தப் பறவைக்கும் கூடு கிடையாது. முட்டையிடும் காலம் வந்தால் தூக்கணாங்குருவிகளிடம் ஒரு தூளியை வாங்கிப் பனைமட்டையில் கட்டித் தொங்கவிட்டு, அதற்குள் இட்டு அடைகாக்கும். காற்று ஆட்டிவிடும். குஞ்சு பொரியும்.

நெசவு வேலை இப்படிப் பிரிந்திருந்தது. பெண்குருவிகள் விடியலிலேயே நூலைக் கரை நெடுகப் பாவாக நீட்டுவார்கள். கஞ்சி போட்டு, ஒட்டிய இழையைப் பிரித்து, அறுந்த இழையை முடிந்து, தறியில் ஏற்றிக் கொடுப்பார்கள். குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுற்றித் தருவதும் அவர்கள்தான். ஆண்குருவிகள் தறியில் உட்காருவார்கள். மிதிப்பார்கள், ஊடை நூலைச் சுமக்கும் நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விடுவார்கள், ஊடை ஓடியதும் அச்சை இழுத்து அடித்து இழையை நெருக்குவார்கள்.

தூளி நன்றாக வந்தால், "மஞ்சன் தறின்னா சும்மாவா!" என்று ஊர் சொல்லும். தூளி சரியில்லை என்றால், "பாவு சரியில்லை" என்று அதே ஊர் சொல்லும். புகழுக்குத் தறிக்காரன், பழிக்குப் பாவுக்காரி. இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டால் வழக்கம் என்பார்கள். வழக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் யோசிக்க வேண்டியதில்லை, பாருங்கள்.

அந்த மஞ்சனின் பெண்டாட்டிதான் தவிட்டி. அவன் தலையிலும் மார்பிலும் மஞ்சள் பளபளக்கும். அவளோ உடம்பெல்லாம் தவிட்டு நிறம். மஞ்சன் கைகாரன்தான், அதில் பொய்யில்லை. ஆனால் அவனிடம் ஒரு குணம் இருந்தது. யாராவது வேடிக்கை பார்த்தால் அச்சை ஓங்கி ஓங்கி அடிப்பான், கரையே அதிரும். பார்த்தவர் நகர்ந்துவிட்டால் அதே அச்சைக் குழந்தை கன்னத்தைத் தட்டுவதுபோலத் தட்டுவான். இது தவிட்டிக்குத் தெரியும். சொல்லியும் பார்த்தாள். "பாவுக்காரி பாவோட நில்லு" என்றான்.

ஒருநாள், மஞ்சனிடம் தூளி வாங்கிப்போன மைனா வந்தாள். அலகில் உடைந்த முட்டை ஓடு. அதைத் தறியடியில் வைத்துவிட்டு, "பாருங்க" என்றாள்.

மஞ்சன் தறியைவிட்டு இறங்கவில்லை. "அடப்பாவமே, மைனாக்கா! ஆனா நான் என்ன பண்ண? பாவு எப்படியோ துணி அப்படி. அதோ நிக்கிறாளே, அவளைக் கேளு."

தவிட்டி கஞ்சிச் சட்டியோடு நின்றிருந்தாள். அவளுக்கும் வயிற்றில் முட்டை முற்றியிருந்தது. இன்றோ நாளையோ என்ற நிலை.

"ஏன்யா, தூளியைக் கண்ணால பார்த்தியா?"

"பார்க்கணுமா? பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து தூளி கிழிஞ்சா பாவுதான்."

"பூட்டனா வந்து இந்தத் தூளியை நெய்துட்டுப் போனான்?"

மைனா குறுக்கிட்டாள். "உங்க வீட்டுச் சண்டை எனக்கு எதுக்கு? எம் முட்டை போச்சு. யாரு கையால போச்சு, அதைச் சொல்லுங்க."

வழக்கு நாட்டாமையிடம் போயிற்று. நாட்டாமை செம்போத்து. ஏரி மதகின் மேல் உட்கார்ந்து, யார் என்ன சொன்னாலும் "உம்... உம்..." என்று அடித்தொண்டையில் உறுமுவார். அந்தக் குரலின் கனத்தைக் கேட்டு, உள்ளே பெரிய யோசனை நடக்கிறது என்று ஊர் நம்பியது. பறவைகள் எல்லாம் கூடின. மைனா கிழிந்த தூளியைக் கொண்டுவந்து போட்டாள்.

நாட்டாமை அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "உம். தூளி தொய்ந்து முட்டை விழுந்தது. தொய்வு பாவில் வருவது. பாவு இட்டவள் தவிட்டி. ஆனாலும் நமக்கு நியாயம் வேண்டும். ஆகவே இந்தத் தூளியைத் தைத்து, இதிலேயே தவிட்டி தன் முட்டையை இடட்டும். முட்டை நின்றால் அவள் கை சுத்தம். விழுந்தால் குற்றம்."

கூட்டம் ஆகா என்றது. என்ன அருமையான நியாயம்! குற்றம் யாருடையது என்று பார்க்க ஓர் உயிரைத் தூக்கி எறிந்து பார்ப்பது.

"முடியாது" என்றாள் தவிட்டி.

ஏரிக்கரையில் அந்தச் சொல்லை அதுவரை ஒரு பெண்குருவியும் சொன்னதில்லை.

"என்ன சொன்னே?"

"முடியாதுன்னு சொன்னேன், நாட்டாமைக்காரரே. உங்க சந்தேகத்தை எடை போட எம் முட்டையா தராசுக்கல்லு? தூளி இங்கேதான் கிடக்கு. அதைக் கேட்டா அதுவே சொல்லும்."

மஞ்சன் சிரித்தான். "துணி பேசுமாம்! தறியில ஒருநாளாவது உட்கார்ந்திருக்கியா நீ?"

"உட்கார விட்டீங்களாய்யா?"

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே அலகை மூடிக்கொண்டார்கள்.

தவிட்டி தூளியின் ஒரு முனையைக் கவ்வினாள். மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி மைனாவைப் பார்த்தாள். மைனா ஒருகணம் தயங்கிவிட்டுப் பிடித்தாள். இருவரும் அதை வெயிலுக்கு எதிரே விரித்தார்கள். வெளிச்சம் துணிக்குள் புகுந்து வந்தது. சில இடத்தில் புகவே இல்லை, சில இடத்தில் கொட்டியது.

"எல்லாரும் பாருங்க. பாவு இழை நெட்டுக்க ஓடுறது. அதுல தொய்வு இருந்தா தொய்வும் நெட்டுக்கத்தான் ஓடும், இந்த முனையிலேருந்து அந்த முனைவரைக்கும். அப்படி ஒண்ணு இருக்கு. இதோ, கரையோரமா. கஞ்சியில ரெண்டு இழை ஒட்டிக்கிட்டதை நான் கவனிக்கலை. அது எந் தப்பு. ஆனா முட்டை அதுலயா விழுந்திருக்கு?"

கிழிசல் அங்கே இல்லை, நடுவில் இருந்தது.

"இப்போ குறுக்கே பாருங்க. இங்கே ஒரு பட்டை இறுக்கம். அடுத்த பட்டை சல்லடை. மறுபடி இறுக்கம், மறுபடி சல்லடை. குறுக்கே வர்ற குறை பாவுல வராது, அச்சை அடிக்கிற அடியில வரும். ஒரே தறி, ஒரே பாவு, ஒரே நூல். அடிச்ச கைதான் மாறி மாறி அடிச்சிருக்கு. இந்த இறுக்கமான பட்டை, கிளி வந்து நின்னு வேடிக்கை பார்த்தப்போ நெய்தது. கிளியண்ணே, நீ போனப்புறம் நெய்தது பக்கத்துல இருக்கு பாரு. இது கொக்கு வந்தப்போ. இது கொக்கு மீன் பிடிக்கப் போனப்போ. ஓரம் இங்கே உள்ளே சுருங்கியிருக்கே, அது கொக்கு திரும்பி வர்றதைப் பார்த்து அவசரத்துல ஊடையை வெடுக்குன்னு இழுத்தது!"

கிளி துணியையும் மஞ்சனையும் மாறி மாறிப் பார்த்தது. "அட, ஆமாம்பா" என்றது.

மஞ்சனுக்கு மஞ்சள் முகம் கறுத்தது. "அவ்வளவு தெரிஞ்சவ, நீயே உட்கார்ந்து நெய்யேன்!"

"நெய்யுறேன். முட்டையை நீ இடுறியா?"

இந்தத் தடவை சிரித்தவர்கள் அலகை மூடவில்லை.

நாட்டாமை தொண்டையைக் கனைத்தார். "உம். வாய் இருக்கிறது என்பதற்காகத் தீர்ப்பு மாறாது. வழக்கம் என்று ஒன்று உண்டு."

தவிட்டி கரையில் கிடந்த ஒரு கூழாங்கல்லைக் கவ்வினாள், முட்டை அளவுக் கல். கிழிசலை மடக்கி முடிந்துவிட்டுத் தூளியை நாட்டாமையின் தலைக்கு மேலிருந்த கிளையில் கட்டினாள். கல்லை உள்ளே போட்டு ஓர் ஆட்டு ஆட்டினாள். கல் இறுக்கமான பட்டையில் நின்றது. உருண்டது. சல்லடைப் பட்டைக்கு வந்ததும் இழைகள் விலகி வழிவிட்டன. நாட்டாமையின் நீண்ட வாலில் கல் தொம்மென்று விழுந்தது.

அவர் துள்ளி எழுந்து வாலை உதறிக்கொண்டார். கண்ணால் பார்த்தாயிற்று, வாலாலும் பார்த்தாயிற்று. இனி என்ன சொல்லப்போகிறார்?

"கல் வேறு, முட்டை வேறு" என்றார் நாட்டாமை. "தீர்ப்பு தீர்ப்புதான்."

அப்போதுதான் தவிட்டிக்கு ஒன்று விளங்கிற்று. இவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ள மாட்டோம் என்கிறார்கள். தெரியாதவனிடம் வாதாடலாம். காதைப் பொத்திக்கொண்டவனிடம் எவ்வளவு நேரம்தான் கத்துவது?

அவள் நேரே மஞ்சனின் தறிக்குப் பறந்தாள். அதில் புதிய பாவு ஏறியிருந்தது. அவளே விடியலில் நீட்டி, கஞ்சி போட்டு, இழை இழையாக வாரிய பாவு. வயிறு கனக்கக் கனக்க அதற்காகக் கரையில் நடந்திருந்தாள். அந்தப் பாவில் அலகை வைத்தாள். ஒரு கணம் கண்ணை மூடினாள். அப்புறம் கடித்தாள். இழைகள் பட்பட்டென்று தெறித்தன. இழுத்துப் பிடித்திருந்தது அறுந்ததும் தறி அப்படியே சரிந்து உட்கார்ந்தது. பாவை விறைப்பாக வைக்கத் தொங்கிய மண்கட்டிகள் உருண்டோடின.

"ஐயோ, தறி போச்சே! பைத்தியக்காரி!" என்று மஞ்சன் அலறினான்.

"பாவு இருந்தாத்தானே பாவு மேல பழி போடுவே? இனிமே பாவு கிடையாது. எம் முட்டையும் உன் துணியில கிடையாது."

"முட்டையை எங்கே இடுவே? வானத்துலயா?"

"எங்கேயும் இடமாட்டேன். எனக்குத் திருப்தியா ஒரு இடம் கிடைக்கிறவரைக்கும் இடமாட்டேன்."

பக்கத்துத் தறியின் பாவுக்காரி நொய்யாள் அதிர்ந்து பேசாதவள். எழுந்து போய்த் தன் தறியின் பாவைக் கடித்தாள். அடுத்தவள் அதைப் பார்த்தாள். அப்புறம் கரை முழுக்கப் பட்பட்டென்ற சத்தம்தான். மைனா, "என் பிள்ளையைக் கொன்னது யாருன்னு கண்ணால பார்த்துட்டேன். இனி துணியே வேண்டாம்" என்று சொல்லிப் பனைப்பொந்துக்குள் போனாள். மற்றப் பறவைகளும் குச்சியோ இலையோ கிடைத்ததை அடுக்கிக்கொள்ளப் புறப்பட்டன. நாட்டாமை மட்டும் மதகில் உட்கார்ந்து யாருமில்லாத கரையைப் பார்த்து "உம்... உம்..." என்று உறுமிக்கொண்டிருந்தார்.

மேற்கே மேகம் கட்டியது. தவிட்டி வேலமரத்து முள்ளில் மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். முட்டை உள்ளிருந்து முட்டியது. வலித்தது. கீழே இறங்கி வந்து பாவு போடு, எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்று மஞ்சன் ஆள் விட்டான். "மறக்குறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லு" என்று திருப்பி அனுப்பினாள்.

தறியும் இல்லை, பாவும் இல்லை. மஞ்சன் என்ன செய்வான்? கோரையையும் பனையோலையையும் நார் நாராகக் கிழித்தான். உட்கார இடமில்லாததால் ஓலை நுனியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, நாரை வளைத்து, நுழைத்து, முடிந்தான். அலகே நாடா, அலகே அச்சு. பாதி முடிந்து, கவிழ்த்த சட்டிபோல ஒன்று ஆடியது. தவிட்டி வந்தாள். காலால் பற்றி, அலகால் ஒரு நாரைப் பிடித்து இழுத்தாள்.

"ஏய், ஏன் இழுக்குறே? முழுசா முடிச்சுட்டுக் காட்டுறேன்."

"முடிச்சப்புறம் குறை சொன்னா, பழி போட வேற ஆளைத் தேடுவே. பாதியிலேயே பார்த்துடுறேன்."

வெளிப்பக்கம் இறுக்கமாக இருந்தது. உள்ளே புகுந்து இழுத்தாள். உள்பக்கம் கொத்தாக அலகோடு வந்தது.

"வெளியே இவ்வளவு இறுக்கம், உள்ளே ஏன்யா இப்படி?"

"உள்ளே யாரு பார்க்கப்போறா?"

"உள்ளே நான்தானே படுக்கப்போறேன்!"

பறந்துவிட்டாள். அவன் கத்தினான், சிறகை அடித்துக்கொண்டான். அப்புறம் இன்னொரு ஓலையில் மறுபடி தொடங்கினான். அதையும் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள். கடைசியில், யாரும் பார்க்காத உள்பக்கத்தில், யாரும் பார்க்காத நேரத்தில், வெளிப்பக்கத்துக்கு அடித்த அதே அடியை மஞ்சன் அடித்தான். காற்றில் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க, பழைய தறியின் மண்கட்டியை நனைத்து உள்சுவரில் அப்பினான். தவிட்டி வந்து இழுத்தாள். நார் வரவில்லை. வேறிடத்தில் இழுத்தாள். அங்கேயும் வரவில்லை. நொய்யாளைக் கூப்பிட்டு, "நீயும் ஒரு தடவை இழுத்துப் பாரு" என்றாள். இரண்டு பேர் இழுத்தும் கூடு அசையவில்லை.

"சரி. மீதியை முடி" என்றாள் தவிட்டி. அன்றைக்கே முட்டையிட்டாள்.

அன்று முதல்தான் தூக்கணாங்குருவியில் ஆண் தறியில்லாமல், பாவில்லாமல், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நெய்கிறது. பாதி நெய்ததும் நிறுத்திவிட்டுச் சிறகடித்துக் கூப்பிடுகிறது. பெண் வந்து இழுத்துப் பார்த்து, பிடித்தால் இருக்கிறது, பிடிக்காவிட்டால் போய்விடுகிறது. கூட்டுக்குள் ஒட்டியிருக்கும் மண், மின்மினியைப் பதித்து விளக்கேற்ற என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது தறிமண். ஏரிக்கரைப் பனையில் பாதியோடு நின்றுபோன கூடுகள் காற்றில் ஆடுவதைப் பார்த்தால், ஐயோ பாவம், யாரோ முடிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று வருத்தப்படவும் வேண்டாம். அவை ஒவ்வொன்றையும் ஒருத்தி இழுத்துப் பார்த்து, முடியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.