தாழம்பூ சொன்ன சேதி

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், செங்காட்டு நாட்டை விசயமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் கடைசியாக யார் பேசினாரோ அவர் சொன்னதுதான் அவருக்கு வேதம்.

அன்று கடைசியாகப் பேசியவர் சபைப் பிரபு வீரசிங்கராயர். அரண்மனை நந்தவனம் தனக்குக் கிடைக்காமல் பூக்கட்டும் சுடலைமுத்துவுக்குப் போனதில் அவருக்கு ஒரே வயிற்றெரிச்சல். “ராணியாருக்குச் சுடலைமுத்து கட்டித் தரும் சரம் வெறும் பூவில்லை மகாராஜா, காதல் ஓலை. மல்லிகை என்றால் காத்திருக்கிறேன். மரிக்கொழுந்து என்றால் மறக்கவில்லை. நடுவே தாழம்பூ வைத்தால் மதிலேறி வருகிறேன்” என்றார்.

ராஜாவின் முகம் கறுத்தது. ராணியை அந்தப்புரத்தில் காவலில் வைத்தார். உச்சிக்கால மணி அடித்ததும் சுடலைமுத்துவின் தலையை வெட்ட உத்தரவு போட்டார். பாவம், அந்த மனுஷனை விலங்கு மாட்டிச் சபையில் நிறுத்தினார்கள்.

மணி அடிப்பதற்குள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு மந்திரி திருமேனியார் வெளியே ஓடினார். பல்லக்குக்குக்கூடக் காத்திருக்கவில்லை. வெளியே பாத்திரம் உருண்டாலும் மணியோ என்று சுடலைமுத்து துள்ளினான். எனக்கே இதைச் சொல்லும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

மந்திரி வியர்த்து வழிய ஒரு தட்டோடு வந்தார். தட்டில் மல்லிகை, மரிக்கொழுந்து, நடுவே தாழம்பூ வைத்த சரம். இதை வாசியுங்கள் என்று ராயரிடம் நீட்டினார்.

ராயருக்குப் பரம சந்தோஷம். “அதே ஓலைதான். கட்டியவன் கள்ளன். இதைச் சூடுகிறவள் கணவனை ஏமாற்றுகிறவள். சந்தேகமே இல்லை.”

“நன்றாக யோசித்துச் சொல்லும். இது உம்முடைய வீட்டு அம்மாள் சூட வைத்திருந்த சரம். நான்தான் கேட்டு வாங்கி வந்தேன்” என்றார் மந்திரி.

ராயர் சட்டென்று ராஜா பக்கம் திரும்பினார். “அது... அது சும்மா பூ, மகாராஜா.”

“உன் வீட்டில் பூ, என் வீட்டில் ஓலையா?” என்றார் ராஜா.

அப்போதுதான் மணி அடித்தது. சுடலைமுத்துவின் விலங்கு கழன்றது. நந்தவனம் பரம்பரைக்கும் அவனுக்கே என்றானது. மந்திரிக்கு முத்துமாலை. ராயர் ஒரு வருஷம் அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும்.

ராஜா கை நிறைய மல்லிகையோடு அந்தப்புரம் போனார். ராணி அதை வாங்கவில்லை.

“பூவுக்கு அர்த்தம் ஊரெல்லாம் கேட்டீர்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” என்றாள்.

ராஜா பழக்கத்தில் வாசல் பக்கம் திரும்பினார். ஆனால் இந்தக் கேள்விக்கு மந்திரியைக் கூப்பிட முடியாது.